பதிலுக்கு அதையே சொல்க

"இந்த இங்கிலீஷ் கிளாஸை மூடிடலாம்னு பாக்கறேன் சார்" என்று அப்பாதுரை சொன்னபோது அடைக்கலராஜ் கழுத்தில் ஒட்டியிருந்த தவிட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

டுட்டோரியல் திண்டிவனத்தில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. மண்டியும் மாடியும் அப்பாதுரையுடையவை. கீழே மூட்டையைப் போட்டால் மேலே கரும்பலகை வெளுக்கும். பகலில் பத்தாவது தவறியவர்களுக்குப் பாடம். மாலையில், தேறிவிட்டு வேலை தேடுகிறவர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ். இரண்டுக்கும் அடைக்கலராஜ்தான் வாத்தியார். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வந்து, பாசஞ்சரில் திரும்புவார். ஐம்பதை நெருங்கிவிட்டார். பி.ஏ. உண்டு, பி.எட். இல்லை. பள்ளிக்கூடம் எதுவும் சேர்த்துக்கொள்ளாது. இன்னொரு டுட்டோரியலில் போய் நிற்கிற வயதும் இல்லை.

"மூடிட்டு?"

"டைப்ரைட்டிங் மிஷின் போடலாம். மிஷின் லீவு கேக்காது. அதுக்குத் தொண்டை கட்டிக்காது."

அப்பாதுரை இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அடைக்கலராஜின் மேல் கோபம் எதுவும் இல்லை.

"பசங்க இன்னா சொல்றானுங்க தெரியுமா? சார் சொல்லிக்குடுக்கறது வெள்ளைக்காரன் உட்டுட்டுப் போன இங்கிலீஷாம். நம்மாளு ஒருத்தன் மெட்ராஸ்ல கம்பெனிக்குப் போயி வாயத் தொறந்திருக்கறான். இன்னாப்பா, கலெக்டருக்கு மனு குடுக்க வந்தியான்னு சிரிச்சிருக்கறானுங்க."

அந்தப் பையனை அடைக்கலராஜுக்குத் தெரியும். 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று ஆரம்பித்திருப்பான். அவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார். அவருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"கடலோரமா வெள்ளைக்காரங்க தங்கற ஓட்டல் ஒண்ணு வருது" என்றார் அப்பாதுரை. "அடுத்த மாசம் விழுப்புரத்துல ஆள் எடுக்கறாங்க. நம்ம பசங்க நாலு பேரு உள்ள போனா கிளாஸ் இருக்கட்டும். போவலைன்னா மிஷின். நான் மறைச்சிப் பேசல சார்."

"ஒரு மாசத்துல புது இங்கிலீஷுக்கு நான் எங்க போறது?"

"நீங்க போவ வேணாம். அது பஸ் ஏறி வருது. ஆள் புடிச்சிட்டேன்."

வந்தவன் பெயர் மாரியப்பன். குயிலாப்பாளையத்துக்காரன். பையனாக இருக்கும்போதே ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, சமையல், தோட்டம், மொபெட் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொண்டவன். அந்தக் குடும்பம் இந்த வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டது. இவன் கையில் வேலை இல்லை. வாயில் இங்கிலீஷ் இருந்தது. படிப்பு ஐந்தாவது. வெளுத்த ஜீன்ஸ், ரப்பர் செருப்பு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிவந்து, "ஹாய் மாஸ்டர்" என்று கையை நீட்டினான். அடைக்கலராஜ் கும்பிடுவதற்காகச் சேர்த்த கைகளைப் பிரித்து ஒன்றைக் கொடுத்தார்.

முதல் நாள் மாலை மாரியப்பன் மேசைமேல் ஏறி உட்கார்ந்தான். அதற்கே வகுப்பு சலசலத்தது.

"ஹாய் கைஸ்" என்றான்.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். "ஹாய் சார்."

"எழுந்துக்க வேணாம். சார் வேணாம். சும்மா ஹாய் சொன்னா போதும்."

"ஓக்கே சார்."

மாரியப்பன் சிரித்தான். சார் ஏன் சிரிக்கிறார் என்று அவர்கள் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த பாஞ்சாலி கையைத் தூக்கினாள். மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண். அமாவாசையன்று மட்டும் வகுப்புக்கு வரமாட்டாள், கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் முதல் ஆளாக வந்து உட்காருவாள். அவள் மாரியப்பனைக் கேட்கவில்லை. சுவரோரமாக நின்றிருந்த அடைக்கலராஜைக் கேட்டாள்.

"கைஸ்னா ஆம்பளைங்க தானே சார்?"

"எல்லாரும் தான்மா" என்றான் மாரியப்பன். "பொம்பளைங்களையும் சேத்துதான் அப்டி சொல்லுவாங்க."

வகுப்பு அடைக்கலராஜின் முகத்தைப் பார்த்தது. அவர் தலையசைத்தால்தான் அது இங்கிலீஷ். அவருக்குத் தெரியவில்லை. தலையசைத்தார்.

மாரியப்பன் நிறையப் பேசினான். ஓட்டலுக்கு வந்த வெள்ளைக்காரன் மாதிரி பேசினான், அவனுக்குப் பதில் சொல்கிறவன் மாதிரியும் பேசினான். குரலை மாற்றினான், தோளைக் குலுக்கினான். நல்ல கூத்தாகத்தான் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் பாஞ்சாலி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

"நோட்ஸ் எப்ப சார் குடுப்பீங்க?"

"இன்னா நோட்ஸ்?"

"இப்ப சொன்னதுக்கு."

மாரியப்பன் அடைக்கலராஜைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

நோட்ஸ் இல்லாமல் டுட்டோரியல் இல்லை. அடைக்கலராஜ் ஸ்டென்சிலில் எழுதுவார், அப்பாதுரையின் சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி எடுப்பார்கள், எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். தவறியவனைத் தேற வைக்க அந்த மாடிக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆகவே மறுநாளிலிருந்து தினமும் வகுப்பு முடிந்ததும் மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மாரியப்பன் சொல்ல வேண்டும். அடைக்கலராஜ் எழுத வேண்டும்.

"'கூல்'னா?"

"நல்லாக்குதுன்னு அர்த்தம் மாஸ்டர்."

"எது நல்லா இருந்தா?"

"எதுன்னாலும். காபி சூடா இருந்தாக்கூட கூல் தான்."

பேனா நின்றது.

"எப்ப சொல்லணும்?"

"தோணும்போது சொல்றது தான்."

"தோணும்போதுன்னு நோட்ஸ்ல எப்படி எழுதுறது? எப்ப சொல்லக்கூடாது, அதையாவது சொல்லு."

மாரியப்பன் டீயை உறிஞ்சியபடி நிஜமாகவே யோசித்தான்.

"சாவு வீட்ல சொல்லக்கூடாது."

அடைக்கலராஜ் அதை எழுதிக்கொண்டார்.

"'டெரிஃபிக்'?"

"சூப்பரா இருக்குதுன்னு."

அதற்கு 'பயங்கரமான' என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார். பரீட்சைக்கும் வந்திருக்கிறது. அதை மாரியப்பனிடம் சொன்னார்.

"அதுல இன்னா மாஸ்டர்? நம்மளும் சினிமா பாத்துட்டு வந்து பயங்கரமா இருந்திச்சின்னு சொல்றமே. அந்த மாதிரி எடுத்துக்குங்க."

அது சரிதான் என்று பட்டது. சரியாக இருப்பதே அலுப்பாகவும் இருந்தது. தமிழில் அந்தச் சொல் எப்போது அப்படித் திரும்பியது என்றுகூட அவருக்குத் தெரியாது. பக்கத்திலேயே இருந்திருக்கிறார், கவனிக்கவில்லை.

"இதெல்லாம் எப்பலேர்ந்து சொல்றாங்க?"

"அத யாரு பாத்தா? அங்க எங்க வெள்ளைக்கார அம்மா மொத வந்தப்ப எது நல்லா இருந்தாலும் 'ஃபார் அவுட்', 'ஃபார் அவுட்'ன்னு சொல்லிக்கினு இருந்துச்சி. நானும் சொல்லிக்கினு திரிஞ்சேன். அப்புறம் ஒரு நாளு நான் சொல்றேன், அது சிரிக்குது. இன்னும் இத சொல்லிக்கினு கீறியா மாரின்னு கேக்குது. அதுக்கே மறந்துபோச்சி. அதுங்க பேச்சி மாறிக்கினே கீது மாஸ்டர்."

"அப்ப நாம இப்ப எழுதுறது?"

"அதுவும் மாறிடும்."

"எப்ப?"

"எழுதி முடிக்கறதுக்குள்ள மாறாது. பயப்படாதீங்க."

டீக்கடைக்காரர் சிரித்தார். அடைக்கலராஜும் சிரிக்கப் பார்த்தார். பிறகு தாளில் மூன்று கட்டம் போட்டார். சொல்வது. எப்போது. பதில். ஒவ்வொரு சொல்லும் இந்த மூன்று கட்டத்துக்குள் உட்கார்ந்தாக வேண்டும். 'டேக் கேர்' என்பதைப் பிரிகிறபோது சொல்ல வேண்டும், நோயாளியிடம் மட்டுமல்ல. 'நோ ப்ராப்ளம்' என்பது நன்றி சொன்னவருக்குப் பதில். 'ஸீ யூ' என்பதும் பிரிகிறபோது. நாள் குறித்துச் சொல்வதல்ல, திரும்பப் பார்க்காவிட்டாலும் சொல்லலாம். பதிலுக்கு அதையே சொல்க.

"படிச்சிக் காட்டுங்க" என்றான் மாரியப்பன்.

படித்துக் காட்டினார். அவன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"நான் சொன்னது தான். ஆனா வேற யாரோ சொன்னாப்ல கீது."

சில நாள் கழித்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்தபோது மாரியப்பன் வேறொன்று சொன்னான். கேட்காமலே சொன்னான்.

"அங்க அத்தினி வருஷம் இருந்தேன் மாஸ்டர். பெரியவங்க, சின்னப் புள்ளைங்க, யாரு கூப்ட்டாலும் மாரி, மாரி தான். அது அவங்க வழக்கம், தப்பா சொல்லல. அவங்களையும் நான் பேரு சொல்லித்தான் கூப்டுவேன். ஆனா இங்க படியேறி வந்தா அத்தினி பேரு எழுந்து நிக்கறான். சார்ன்றான். மொத நாளு எனக்குத் தூக்கமே வல்ல."

"நீ தானே சார் வேணாம்னு சொன்னே?"

"வாய் சொல்லிச்சி."

அன்று வீடு சேரும்போது அடைக்கலராஜ் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். மனைவி சூசை மேரி வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, தெருவெல்லாம் ஜெபம் சொல்லிக்கினு வர்றீங்க?"

"புது இங்கிலீஷ்."

"பழசு இன்னா ஆச்சி?"

"தீந்துபோச்சு."

"துணியா அது, நைஞ்சி தீந்துபோவ?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தாள். அவர் தொண்டையில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"அப்டியே மிஷின் போட்டுட்டாங்கன்னா?"

அவர் இன்னொரு வாய் கொப்பளித்தார்.

"ஒங்களுக்கு டைப் அடிக்கத் தெரியுமாங்க?"

"தெரியாது."

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நோட்ஸ் கைக்கு வந்ததும் வகுப்பு உயிர்பெற்றது. அடைக்கலராஜுக்கு ஒரு முறை உண்டு. கோயிலில் ஜெபமாலை சொல்வார்களே, பாதிப் பேர் முன்பாதியைச் சொல்ல, மீதிப் பேர் பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள், அந்த முறை. சிறுவயதில் பாட்டாக ஏறியது எதுவும் இறங்கவில்லை என்று கண்டுகொண்டவர். சன்னலோரம் இருந்தவர்கள் கேட்க வேண்டும், சுவரோரம் இருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

"ஹவ் ஈஸ் இட் கோயிங் சார்?"

"நாட் பேட் சார்."

"தேங்க் யூ சார்."

"நோ ப்ராப்ளம் சார்."

கீழே மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒருநாள் நின்று கேட்டார்கள். அதன்பிறகு அவர்களும் ஒருவருக்கொருவர் 'நோ ப்ராப்ளம் சார்' சொல்லிக்கொண்டார்கள். அப்பாதுரை மேலே ஏறிவந்து வாசற்படியில் நின்று தலையாட்டினார்.

"இப்பத்தான் சார் கிளாஸ் மாதிரி இருக்குது."

மாரியப்பன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போது அதிக வேலை இல்லை. யாராவது உச்சரிப்பில் சந்தேகம் கேட்டால் சொல்வான். அவன் அதை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னான். ஆகவே கேட்பதையும் நிறுத்தினார்கள்.

"எழவு வூட்ல ஜெபம் சொல்றாப்ல கீது மாஸ்டர்" என்றான் வெளியே வரும்போது.

"ஏறணும்ல மனசுல."

"ஏறிக்கிச்சி. ஆனா எறங்கி வெளிய வராதே."

அடைக்கலராஜ் நோட்ஸைப் பைக்குள் அடுக்கினார். வெளியே வராவிட்டாலும் பரவாயில்லை, நான்கு பேர் உள்ளே போனால் போதும்.

ஆள் எடுப்பு விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நடந்தது. மாடியில் கூடம், அதை ஒட்டி ஓர் அறை. வகுப்பில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஆண்கள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தார்கள். பாஞ்சாலியின் தலையில் கனகாம்பரம். வேறு ஊர்களிலிருந்தும் நிறைய ஆட்கள். அடைக்கலராஜ் கூடத்து மூலையில் நின்றார். மாரியப்பன் கூட வந்திருந்தான். யாரும் வரச் சொல்லவில்லை. பசங்களுக்குத் தைரியமாக இருக்கும் என்றான்.

நடத்த வந்தவர் மெட்ராஸிலிருந்து ஓர் அம்மா. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி. காலையிலேயே களைத்திருந்தார். நடுவில் டீ குடிக்கக் கூடத்துக்கு வந்தவர், மாரியப்பன் நின்றிருந்த சன்னலோரம் போனார். மின்விசிறி அங்கேதான் இருந்தது. அது நின்றுபோயிருந்தது. மாரியப்பன் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னான். அந்த அம்மா சிரித்தார். இவன் ஸ்டூலைப் போட்டு ஏறி விசிறியின் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளினான். அது சுற்ற ஆரம்பித்தது. அப்புறம் இருவரும் பேசினார்கள். கேள்வியும் பதிலுமாக இல்லை. இவன் பாதியில் அவர் பேசினார், அவர் பாதியில் இவன் பேசினான். டுட்டோரியல் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நெஜமாவே இப்டித்தான் பேசுவாங்களா சார்?" என்று பாஞ்சாலி அடைக்கலராஜைக் கேட்டாள். ஒரு மாதமாக அவள் அதை நம்பவில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்களும் பேர் குடுங்களேன்" என்றார் அந்த அம்மா மாரியப்பனிடம்.

அவன் கூடத்தைத் தாண்டி வந்து அடைக்கலராஜின் முன் நின்றான். "போவட்டா மாஸ்டர்?"

"போ."

"போனா, டுட்டோரியல்?"

"மொதல்ல போயிட்டு வா."

உள்ளே கூப்பிடுவதற்கு முன் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். வழுவழுப்பான அட்டை, நீல எழுத்து. ஐந்து வாக்கியம். வணக்கமும் வரவேற்பும் ஒன்று. உங்களுக்கு எப்படி உதவலாம் என்று ஒன்று. விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒன்று. மகிழ்ச்சி என்று ஒன்று. கடைசியில் 'ஹேவ் எ நைஸ் டே'. அதைப் படித்து வைத்துக்கொண்டு உள்ளே வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

அடைக்கலராஜ் ஓர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருடைய இங்கிலீஷ் இல்லை. மாரியப்பனுடையதும் இல்லை. நோட்ஸில் இருந்த ஒரு சொல்கூட அதில் இல்லை. ஒரு மாதத்து உழைப்பு மொத்தமும் வீண் என்று நினைத்தபடி சுவரில் சாய்ந்தார். 

ஆனால் கூடத்தில் அவருடைய ஆட்கள் யாரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சன்னலோரம் பாதி, சுவரோரம் பாதி. இவர்கள் ஒரு வாக்கியம், அவர்கள் அடுத்த வாக்கியம். மற்ற ஊர் ஆட்கள் அட்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்துக்காரர்கள் அதை மூன்று சுற்று முடித்திருந்தார்கள்.

அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேசுவது கேட்டது. பாஞ்சாலி போனாள். ஐந்து வாக்கியத்தையும் ஒரே மூச்சில், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மேடம்' சேர்த்துச் சொன்னாள். அடுத்தவன் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும் அதையே, அதே ஏற்ற இறக்கத்தில். அந்த அம்மா குரல் கேட்டது: "குட். வெரி குட்."

மாரியப்பன் போனான். அவன் அட்டையைப் படிக்கவில்லை. படிப்பது அவனுக்குக் கஷ்டம். ஆனால் கூடத்தில் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தான்.

"ஹே, மார்னிங்!" என்றான் உள்ளே. பிறகு, ஏதாவது வேண்டும் என்றால் ஒரு குரல் கொடுங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்று இங்கிலீஷில் சொன்னான். நல்ல குரல். ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்வது போல இருந்தது. அந்த அம்மா சிரித்தார்.

"அட்டையில இருக்கறபடி சொல்லுங்க மாரியப்பன்."

அவன் மறுபடி சொன்னான். இந்த முறை வேறு மாதிரி வந்தது.

"அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை மாறக்கூடாது."

மூன்றாவது முறை சத்தமே இல்லை. அடைக்கலராஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவனோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர். அவனால் முடியாது என்று அவருக்குத் தெரியும். சொன்னதையே இரண்டாம் முறை சொல்லச் சொன்னால் அவனுக்கு வாய் வராது.

வெளியே வந்தான்.

"அதையேதான் சொன்னேன் மாஸ்டர்" என்றான்.

சாயங்காலம் பெயர்களைப் படித்தார்கள். டுட்டோரியலில் இருந்து ஏழு பேர். பாஞ்சாலி முதல் பெயர். அவள் அங்கேயே குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். மாரியப்பன் பெயர் இல்லை. அவன்தான் எல்லாருக்கும் முதலில் கை கொடுத்தான்.

அந்த அம்மா கிளம்பும்போது அடைக்கலராஜைக் கூப்பிட்டார். "நீங்கதான் ட்ரெய்ன் பண்ணீங்களா? குடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்றாங்க. எங்களுக்கு அதுதான் வேணும்." பிறகு கூடத்துச் சன்னலைப் பார்த்தார். "அவர் ரொம்ப நல்லா பேசறார். அதான் கஷ்டம். அட்டையை விட்டுட்டு அவர் பாட்டுக்குப் பேசிடுவார்."

மறுநாள் அப்பாதுரை மண்டிக் கணக்குப்பிள்ளையை அனுப்பி லட்டு வாங்கிவரச் சொன்னார். அடைக்கலராஜ் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிளாஸ் இருக்கட்டும் சார்" என்றார் அப்பாதுரை. "இனிமே டபுளா வருவானுங்க பாருங்க. மிஷின் அப்புறம் பாக்கலாம். ஓட்டல்காரங்க அட்டையையும் நோட்ஸ்ல சேத்துடுங்க."

"சரி."

"அந்த மாரியப்பனை மட்டும் நிறுத்திடலாம்."

அடைக்கலராஜ் லட்டைக் காகிதத்தில் வைத்தார்.

"புதுசா எழுதினதெல்லாம் அவன் சொன்னதுங்க."

"அதான் எழுதிட்டீங்களே. நோட்ஸ் இருக்குது. அவரு எதுக்கு?"

"பேச்சு மாறிக்கினே இருக்குமாம். புது வார்த்தை வந்தா?"

"வந்தா வரட்டும் சார். இது பத்து வருஷம் தாங்கும். நீங்க சொல்லிக்குடுத்தது தாங்கலையா?"

இதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாதுரை இரண்டு பேர் எதற்கு என்று கணக்குப் போடுவார், போட்டால் யாரைக் கழிப்பார் என்று தெரியாது.  அடைக்கலராஜ் லட்டைக் காகிதத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நானே சொல்லிடறேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் மாரியப்பன் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நின்றிருந்தான். இவர் வருவதைப் பார்த்ததுமே பீடியைக் கீழே போட்டு மிதித்தான்.

"இன்னா மாஸ்டர், ஜல்தியா வர்றீங்க? மொதலாளி சொல்ட்டாரா?"

"சொல்லிட்டார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சரின்னேன்."

மாரியப்பன் தலையாட்டினான். பஸ் ஒன்று வந்து திரும்பியது, இவனுடையது இல்லை. 

"பேஜாரு தான்" என்றான் மாரியப்பன். "மேசை மேல ஒக்காந்தா சாமி கண்ணக் குத்திடும்ன்ற மாதிரி பாக்கறானுங்க. எனக்கும் ஒத்து வல்ல." பிறகு கேட்டான்: "நோட்ஸ்ல என் பேரு போட்டுக்கீதா?"

"இல்ல. நோட்ஸ்ல யார் பேரும் போடறது இல்ல."

"ஒரு காப்பி குடுங்க. வூட்ல காட்றதுக்கு."

அடைக்கலராஜ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மை இன்னும் சரியாகக் காயவில்லை. அவன் அதை மடித்து ஜீன்ஸ் பைக்குள் செருகிக்கொண்டான். இதைப் பையில் வைத்துக்கொண்டு அவன் போய் நாளைக்கு வேறொன்று பேசுவான். இவர் அதே தாளை வைத்துக்கொண்டு மாடியில் நிற்பார். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. மத்தியானம் ஏறிய வெயில் இன்னும் தலைக்குள் இருந்தது.

பஸ் வந்தது. மாரியப்பன் ஓடி ஏறிப் படியில் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். ஒரு மாதமாகத் தினம் இதே இடத்தில் 'ஸீ யூ மாஸ்டர்' என்று கத்தியவன், இன்று கத்தவில்லை.

"வர்றேன் மாஸ்டர்."

"போய்ட்டு வாங்க" என்றார் அடைக்கலராஜ்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த 'வாங்க' அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பஸ் புழுதியோடு திரும்பிப் போயிற்று. அடைக்கலராஜ் ஸ்டேஷனுக்கு நடந்தார். பாசஞ்சர் இன்றும் தாமதம் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பையில் ஓட்டல்காரர்களின் அட்டை இருந்தது. நாளைக் காலை வருவதற்குள் அதை ஸ்டென்சிலில் ஏற்ற வேண்டும். எடுத்து மடியில் வைத்து, மூன்று கட்டம் போட ஆரம்பித்தார்.